கேட்கக் கூசிய பணம்

தனியாக மென்பொருள் தொழில் செய்யும் இளைஞர்கள் கூடிய மாலைக் கூட்டமொன்றில், மதுரையில் ஆற்றிய உரை

சுவரோரம் நிற்கிறவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள். நான் சற்று நேரம் பேசப்போகிறேன், கால் வலிக்கும்.

2013இல் எனக்கு நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். மாதச் சம்பள வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக மென்பொருள் எழுதித் தருவது என்று இறங்கிய முதல் வருடம் அது. மொத்த வியாபாரம் செய்கிற ஒருவருக்கு பில் போடவும் கிடங்கில் இருக்கும் சரக்கைக் கணக்கு வைக்கவும் ஒரு மென்பொருள். பேசிய தொகை 85,000 ரூபாய். எல்லாம் வாய்ப்பேச்சுதான், காகிதத்தில் ஒரு எழுத்தும் கிடையாது. "ஆரம்பிங்க தம்பி, பணத்தைப் பத்தி என்ன, பார்த்துக்கலாம்" என்று சொல்லி 10,000 கொடுத்தார். நான்கு மாதம் உழைத்தேன். கடையில் இருந்த மூன்று கம்ப்யூட்டரிலும் நானே உட்கார்ந்து நிறுவினேன். கணக்குப் பார்க்கிறவருக்குப் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தேன். அன்று மாலையே அதில் பில் போட ஆரம்பித்துவிட்டார்கள். மீதி 75,000 வரவே இல்லை.

முதல் மாதம், ஆடிட்டர் ஊரில் இல்லை என்றார். அடுத்த மாதம், சீசன் டல் என்றார். மூன்றாவது மாதம், "அந்த ரிப்போர்ட்டுல இன்னும் ஒரு காலம் மட்டும் சேர்த்துக் குடுங்க, மொத்தமா செட்டில் பண்ணிடறேன்" என்றார். சேர்த்துக் கொடுத்தேன். இப்படி ஆறு நெடுவரிசை சேர்த்தேன்.

அவரை மோசக்காரர் என்று சொல்லிவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் மூட்டை தூக்குகிறவர்களுக்கும் பேக்கிங் செய்கிற பெண்களுக்கும் அவர் கூலி எண்ணிக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். நான் அங்கே போய்வந்த நான்கு மாதத்தில் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. அவர்களுக்குக் கொடுத்த மனிதர் எனக்கு ஏன் கொடுக்கவில்லை? இந்தக் கேள்வியைப் பல வருடம் சுமந்துகொண்டு திரிந்தேன். அவர்கள் சனிக்கிழமை ஆறு மணிக்குக் கல்லாப்பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார்கள். நான் நிற்கவில்லை. ஃபோன் செய்தேன். எடுத்த உடனே "சார், பிஸியா இருக்கீங்களா, அப்புறம் கூப்பிடட்டுமா?" என்று நானே அவருக்கு வழி விட்டேன்.

என் அப்பா திண்டுக்கல்லில் தச்சு வேலை செய்தவர். அச்சாரம் கைக்கு வராமல் மரத்தில் ரம்பம் வைக்க மாட்டார். சொந்தக்காரர் வீட்டுக் கதவாக இருந்தாலும் அப்படித்தான். "அறுத்த பலகை திரும்ப மரமாகாதுடா" என்பார். அந்த வீட்டில் வளர்ந்த நான், படித்தவன் முன்பணம் கேட்கலாமா, பேப்பரில் எழுதிக் கையெழுத்துக் கேட்டால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று கூசிக்கொண்டு நின்றேன். இன்றைக்கு உங்களிடம் பேச வந்தது அந்தக் கூச்சத்தைப் பற்றித்தான். நாணயமில்லாத கிளையன்ட்டைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். ஆனால் எனக்குத் தெரிந்தவரை அவருடைய கையில் இருக்கும் முதல் முதலீடே நம்முடைய கூச்சம்தான்.

நமக்குப் பணம் தராமல் இழுக்கிறவர்களில் பெரும்பாலோர் ஏமாற்ற வேண்டும் என்று திட்டமிட்டு வந்தவர்கள் இல்லை. கையில் ஒரு லட்சம் வந்தால் யாருக்கு முதலில் கொடுப்பது என்று வரிசை போடுகிறார்கள். கடை வாடகை, கரண்ட் பில், கூலி, சரக்கு போட்டவர். கடைசியில் "சாஃப்ட்வேர் தம்பி". முதலில் நிற்கிறவர்களுக்குக் கொடுக்காவிட்டால் நாளைக்கே ஏதாவது நின்றுபோகும். நமக்குக் கொடுக்காவிட்டால் ஒன்றும் நிற்காது, ஏனென்றால் நாம் எல்லாவற்றையும் ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். அந்த வரிசையில் நம் இடத்தை மாற்றுவதுதான் முதல் வேலை. அதற்கு யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

நான் இப்போது எப்படிச் செய்கிறேன் என்று ஒரு கணக்காகவே சொல்கிறேன். 1,20,000 ரூபாய் வேலை என்று வையுங்கள். 36,000 அட்வான்ஸ். அது வங்கியில் ஏறிய பிறகுதான் முதல் வரி கோட். திரைகள் எல்லாம் வடிவமாகி, டெமோ காட்டிய அன்று இன்னொரு 36,000. முழு மென்பொருளும் என்னுடைய சோதனை சர்வரில் ஓடி, அவர்கள் உட்கார்ந்து தொட்டுப் பார்த்துச் சரி என்ற பிறகு மூன்றாவது 36,000. அது வந்த பிறகு சோர்ஸ் கோட் அவர்கள் சர்வருக்குப் போகும். மீதி 12,000, ஒரு மாதம் பிழை திருத்திக் கொடுத்த பிறகு. இந்த ஏற்பாட்டில் எந்த நாளிலும் என்னுடைய உழைப்பில் 36,000 ரூபாய்க்கு மேல் வெளியே நிற்காது. அவருடைய பணமும் அதற்கு மேல் என் கையில் சும்மா இருக்காது. ஆள் நல்லவரா கெட்டவரா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் திறமை எனக்கு 14 வருடத்தில் வரவில்லை. உங்களுக்கும் வர வேண்டியதில்லை.

இதை இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். என்னென்ன செய்வோம், என்னென்ன இதில் சேராது. புதிதாக ஒன்று கேட்டால் அதற்குத் தனித் தொகை. டெமோ கொடுத்து ஏழு நாளுக்குள் குறை சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகப் பொருள். தவணை தாமதமானால் வேலை அந்த இடத்தில் நிற்கும். இவ்வளவுதான். முத்திரைத்தாளும் வக்கீலும் வேண்டும் என்று பயந்துகொண்டு எழுதாமல் விட்டுவிடாதீர்கள். மின்னஞ்சலில் அனுப்பி, "படித்தேன், சம்மதம்" என்று பதில் வந்தால் அதுவும் ஒப்பந்தம்தான். மின்னணு முறையில் செய்த ஒப்பந்தம் செல்லும் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது.

எழுதிக் கேட்டால் வேலை போய்விடும் என்று சொல்வீர்கள். போகும். எனக்கும் போயிருக்கிறது. இரண்டு பக்கத்தைப் பார்த்ததுமே விலகிப்போனவர், அந்த இரண்டு பக்கம் இல்லாவிட்டால் என்னை எங்கே கொண்டுபோய் விட்டிருப்பார் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

சில வாக்கியங்கள் காதில் விழுந்தால் கொஞ்சம் நின்று கேளுங்கள். "சின்ன வேலைதான், ரெண்டு நாள்ல முடிஞ்சிடும்" என்று வேலையின் அளவை அவரே சொல்வது. "இதைக் கம்மியா பண்ணிக் குடுங்க, அடுத்து பெரிய புராஜெக்ட் இருக்கு" என்பது. மாதிரிக்கு என்று ஒரு முழு மாட்யூலையே இலவசமாகச் செய்யச் சொல்வது. எல்லாவற்றையும் விட நான் கவனிப்பது இன்னொரு வாக்கியம்: "முன்னாடி செஞ்ச பையன் ஏமாத்திட்டு ஓடிட்டான்."

ஒருமுறை அப்படிச் சொன்னவரிடம், "அவர் நம்பர் கொடுங்க சார், எதுவரைக்கும் முடிச்சிருக்கார்னு கேட்டுக்கிறேன்" என்றேன். தயங்கினார், பிறகு கொடுத்தார். கூப்பிட்டேன். பேசியது பையன் இல்லை, சேலத்துப் பக்கம் ஒரு பெண். கல்லூரி முடித்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. இரண்டு மாட்யூல் முடித்துக் கொடுத்திருக்கிறார், ஒரு ரூபாய் வரவில்லை. மூன்றாவதை நிறுத்தியதும் ஓடிவிட்டார் என்று பெயர். விவரமெல்லாம் சொன்ன பிறகு, "அண்ணா, இதை நான் வீட்டுல கூடச் சொல்லல. நீங்கதான் முதல்ல கேக்குறீங்க" என்றார். ஆறு மாதமாக யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். சொன்னால், உனக்குச் சாமர்த்தியம் இல்லை, பேசாமல் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போ என்பார்கள் என்ற பயம். அவர் வாய் திறக்காததால்தான் அந்தக் கிளையன்ட் அடுத்த ஆளைத் தேடி என்னிடம் நிம்மதியாக வர முடிந்தது. நான் அந்த வேலையை எடுக்கவில்லை.

ஆனால் அதே வாக்கியம் உண்மையாகவும் இருக்கும். அதையும் சொல்லாவிட்டால் நான் நியாயமாகப் பேசியவன் ஆகமாட்டேன். சிறிய பள்ளி நடத்துகிற ஒரு அம்மா என்னை அழைத்தார். போய் உட்கார்ந்ததுமே ஆதார் நகல் கேட்டார், அப்பாவின் ஃபோன் நம்பர் கேட்டார், நான் வேலை செய்த மூன்று இடங்களின் முகவரி கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிறகுதான் விவரம் தெரிந்தது. முன்பு செய்தவர் பள்ளியின் டொமைனைத் தன் பெயரில் பதிந்து வைத்துக்கொண்டு, அதைத் திருப்பித் தர 40,000 கேட்டிருக்கிறார். மாணவர் சேர்க்கை நடக்கிற மே மாதத்தில் வலைத்தளம் இருண்டு கிடந்திருக்கிறது. அந்த அம்மாவைச் சந்தேகப் பிராணி ஆக்கியது நம்மில் ஒருவர்.

நான் அவரிடம் செய்த முதல் வேலை, புது டொமைனையும் ஹோஸ்டிங் கணக்கையும் அவருடைய பெயரில், அவருடைய மின்னஞ்சலில், அவருடைய கார்டிலேயே எடுத்தது. கடவுச்சொல்லை அவரே மாற்றச் சொல்லிவிட்டு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு என்னுடைய இரண்டு பக்கத்தை நீட்டினேன். தவணை பற்றிய வரிகளைப் பார்த்துவிட்டு, "இதுல எனக்கும் பாதுகாப்பு இருக்கே சார்" என்றார். இன்றுவரை அவர்தான் எனக்குக் குறித்த தேதியில் பணம் போடுகிற கிளையன்ட். உங்களைச் சந்தேகப்படுகிறவர் எல்லாரும் உங்களை ஏமாற்றப்போகிறவர் என்று எண்ணிவிடாதீர்கள். முன்னால் சூடு பட்டவராக இருக்கலாம்.

இனி சட்டம். இந்தப் பகுதியைக் குறித்துக்கொள்ளுங்கள். நமக்குச் சாதகமாக இருப்பவை பல, நாம்தான் தெரிந்துகொள்வதில்லை.

நீங்கள் எழுதிய கோட் யாருடையது? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கம்ப்யூட்டர் புரோகிராமையும் இலக்கியப் படைப்பு என்ற வகைக்குள் வைத்திருக்கிறது. சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் எழுதினால், வேறு மாதிரி பேசிக்கொள்ளாதவரை உரிமை முதலாளிக்கு. நம்மைப் போல் ஒப்பந்தத்துக்கு வேலை செய்கிறவர் எழுதினால் முதல் உரிமையாளர் எழுதியவரே. அதை மாற்றிக் கொடுக்க வேண்டுமானால் எழுத்தில், கையெழுத்தோடு கொடுக்க வேண்டும் என்று 19ஆம் பிரிவு கேட்கிறது. ஆகவே அந்த இரண்டு பக்கத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: "முழுத் தொகையும் வந்து சேர்ந்த நாளில் உரிமை மாறும்." பணம் தராமல் உங்கள் மென்பொருளை ஓட்டுகிறவருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பும்போது இந்த ஒரு வரி பத்து வாதத்துக்குச் சமம்.

அடுத்தது, குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு. மத்திய அரசின் தளத்தில், கட்டணமில்லாமல், ஆதாரை வைத்து நீங்களே செய்துகொள்ளலாம். யாராவது பணம் கேட்டால் அது போலித் தளம். 2006இல் வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு வாங்குபவர் ஒப்புக்கொண்ட தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்தத் தேதியும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தேதியே பேசவில்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இதற்கென்று இருக்கும் அரசுத் தளத்தில் புகாரைப் பதிந்தால் மாநிலத்தின் வசதியாக்கல் மன்றத்துக்குப் போகும். தமிழ்நாட்டில் சென்னை, திருச்சி, கோவை, மதுரை ஆகிய ஊர்களில் இருக்கிறது. முதலில் சமரசம், முடியாவிட்டால் நடுவர் தீர்ப்பு. 90 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம், நடைமுறையில் அதைவிட நீளும். தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போக வேண்டுமானால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். வேலையைத் தொடங்கும் முன்பே பதிவு கையில் இருக்கட்டும். தகராறு வந்த பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தால் பழைய பாக்கிக்கு அது கைகொடுப்பது கடினம்.

இதில் இன்னொரு பிடி இருக்கிறது. 2023 நிதிச் சட்டம் வருமான வரியில் ஒரு விதியைச் சேர்த்தது. குறு, சிறு நிறுவனத்துக்கு உரிய கெடுவுக்குள் பணம் தராதவர், தருகிற வருடம் வரை அதைத் தன் செலவாகக் கணக்கில் காட்டி வரிச் சலுகை பெற முடியாது. 2024 ஏப்ரலில் தொடங்கிய வரி மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. முதலாளிக்குத் தெரியாவிட்டாலும் அவருடைய ஆடிட்டருக்கு நன்றாகத் தெரியும். உங்கள் இன்வாய்ஸின் தலையிலேயே உத்யம் எண்ணை அச்சடித்துவிடுங்கள். மார்ச் மாதத்தில் ஆடிட்டர் அதைப் பார்த்துவிட்டு, "இதை முதல்ல முடிச்சிடுங்க" என்று முதலாளியிடம் சொல்வார். கல்லாப்பெட்டி முன்னால் நிற்கிற வரிசையில் உங்களுக்காக ஆடிட்டர் வந்து நிற்கிறார்.

டிடிஎஸ் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் பில்லில் ஒரு பகுதியை வரியாகப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். பிடித்ததை அரசுக்குக் கட்டினார்களா என்று வருமான வரித் தளத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவதும் ஏமாற்றுதான்.

இப்போது எனக்கு மிகவும் கவலை தருகிற விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு, இரவு ஒரு மணி இருக்கும், ஒரு தம்பி ஃபோன் செய்தான். குரல் நடுங்கியது. "அண்ணா, எட்டு மாசமா அலையறேன். அவங்க சர்வர் பாஸ்வேர்டு இன்னும் எங்கிட்ட இருக்கு. டேட்டாபேஸைத் தூக்கிடட்டுமா? காலையில தானா பணம் வரும்." அவன் கோபம் நியாயமானது. அவனுக்கு வர வேண்டியது 1,40,000. தங்கை கல்யாணத்துக்கு வைத்திருந்த கணக்கு. ஆனாலும் வேண்டாம் என்றேன்.

அவன் அந்த ஒரு கட்டளையைத் தட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அனுமதியில்லாமல் அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் நுழைவது, அதில் இருப்பதை அழிப்பது, இவை தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவில் வருகின்றன. மோசடி எண்ணத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்று வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். அதுவரை அவன் பணம் வர வேண்டியவன். அந்த நிமிடத்திலிருந்து குற்றம் சாட்டப்பட்டவன். தர வேண்டியவர் புகார் கொடுத்தவராக நிற்பார். அதோடு, அந்த டேட்டாபேஸில் இருந்தது ஒரு பரிசோதனைக் கூடத்தின் விவரங்கள், எத்தனையோ பேருடைய ரத்தப் பரிசோதனை முடிவுகள். அவர்கள் அவனுக்கு என்ன கெடுதல் செய்தார்கள்? கோட்டுக்குள் ரகசியமாக ஒரு தேதியை வைத்து, பணம் வராவிட்டால் தானாக நின்றுபோகும்படி செய்கிறவர்களும் உண்டு. ஒப்பந்தத்தில் சொல்லாமல் வைத்தால் அதுவும் இதே பள்ளம்தான். உங்கள் சர்வரில், உங்கள் பெயரில் ஓடுவதை, எழுதி வைத்த விதிப்படி முன்னறிவிப்புக் கொடுத்து நிறுத்துவது உங்கள் உரிமை. அடுத்தவர் சர்வரில் கை வைப்பது உரிமை ஆகாது. அதனால்தான் மூன்றாவது தவணை வரும்வரை கோட் நம் வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொன்னேன்.

அன்று இரவு இரண்டு மணி வரை அவனோடு பேசிக்கொண்டிருந்தேன். காலையில் உட்கார்ந்து கடிதம் எழுதினோம். 11 வாரம் கழித்து இரண்டு தவணையாக 1,10,000 வந்தது. மீதி 30,000 வரவில்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

வெளிநாட்டுக் கிளையன்ட் என்றால் வேறு ஆபத்து. ஃப்ரீலான்ஸ் வேலை தரும் அப்வொர்க் போன்ற தளங்களில், மொத்தத் தொகை பேசிய வேலைக்கு, தொடங்கும் முன்பே பணம் தளத்தின் பொறுப்பில், எஸ்க்ரோவில் வந்து நிற்கும். வேலையை முறையாகச் சமர்ப்பித்து 14 நாளுக்குள் அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் பணம் தானாக விடுவிக்கப்படும். அதனால் ஏமாற்ற நினைக்கிறவர் முதலில் உங்களை அந்தத் தளத்திலிருந்து வெளியே இழுப்பார். "டெலிகிராமில் வா, கமிஷன் மிச்சம்" என்பார். அந்தக் கமிஷன்தான் உங்கள் வேலி.

பணம் தராமல் போவதைவிட மோசமானது இன்னொன்று இருக்கிறது. லிங்க்டுஇன்னில் ஒரு செய்தி வரும். நல்ல சம்பளம், கிரிப்டோ சம்பந்தப்பட்ட வேலை. உன் திறமையைப் பார்க்க வேண்டும், இந்த கிட்ஹப் கோப்புகளை இறக்கி ஓட்டிப் பார், ஒரு பிழையைத் திருத்து என்பார்கள். ஓட்டிய அந்த நொடியில் உங்கள் பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களும் கிரிப்டோ வாலட்டும் பறிபோகும். பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் நிறுவனத்தின் யூனிட் 42 ஆய்வுக்குழு 2023 நவம்பரில் இதை வெளியே கொண்டுவந்தது, வட கொரியாவோடு தொடர்புபடுத்தியது. திருடுகிற நிரலுக்கு பீவர்டெயில் என்று பெயர். அது பின்வாசல் திறக்கிற இன்னொரு நிரலையும் உள்ளே கூட்டிவரும். 2025 பிப்ரவரியில் ஈசெட் நிறுவனம் எழுதிய அறிக்கை, குறிவைக்கப்படுகிறவர்கள் குறிப்பாக நம்மைப் போன்ற ஃப்ரீலான்ஸ் டெவலப்பர்கள் என்றது. கெட்ட நிரலை ஒரு நீண்ட கமென்ட்டுக்குப் பின்னால், திரையின் வலது ஓரத்தைத் தாண்டி ஒரே வரியில் ஒளித்துவைக்கிறார்கள். எடிட்டரில் வரியை மடிக்கும் வசதி அணைந்திருந்தால் கண்ணில் படாது.

நம் வட்டத்தில் ஒரு தம்பி இதில் விழுந்தான். அவனுடைய சொந்தப் பணத்தில் போனது சிறு தொகைதான். ஆனால் அந்த லேப்டாப்பில் ஐந்து கிளையன்ட்களின் சர்வர் சாவிகள் இருந்தன. இரண்டு இரவு தூங்காமல் ஒவ்வொரு சாவியையும் மாற்றினான். பிறகு ஐந்து பேரையும் அவனே கூப்பிட்டு, "என் தவறால் இப்படி ஆகிவிட்டது, இதுவரை இதைச் செய்திருக்கிறேன், நீங்கள் இதைச் செய்யுங்கள்" என்று சொன்னான். ஒருவர் விலகிப் போனார். நான்கு பேர் இன்றும் அவனோடுதான் இருக்கிறார்கள். சொல்வதற்கு அவன் எவ்வளவு கூசியிருப்பான் என்று எனக்குத் தெரியும். அந்தக் கூச்சத்தில் ஒரு வாரம் சும்மா இருந்திருந்தால் ஐந்து நிறுவனங்களும் திறந்து கிடந்திருக்கும்.

முன்பின் தெரியாதவர் கொடுக்கும் கோப்புகளை உங்கள் வேலை செய்யும் கம்ப்யூட்டரில் திறக்காதீர்கள். அதற்கென்று ஒரு விர்ச்சுவல் மெஷின் வைத்துக்கொள்ளுங்கள். எடிட்டர், "இதை எழுதியவரை நம்புகிறீர்களா?" என்று கேட்டால் அவசரத்தில் ஆம் என்று அழுத்தாதீர்கள். என்பிஎம் இன்ஸ்டால் கொடுக்கும் முன்பு, அதோடு சேர்ந்து தானாக என்ன ஓடும் என்று பேக்கேஜ் கோப்பைத் திறந்து படியுங்கள். பணம் போய்விட்டால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள், ஒரு மணி நேரமும் தாமதிக்க வேண்டாம்.

"உன் அப்வொர்க் கணக்கை மட்டும் வாடகைக்குக் கொடு, மாதம் இவ்வளவு தருகிறேன், நீ ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று யாராவது கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். வட கொரிய ஆட்கள் இப்படி அடுத்தவர் பெயருக்குள் ஒளிந்து வேலை வாங்குகிறார்கள் என்று 2022 மே மாதமே அமெரிக்க அரசு எச்சரித்திருக்கிறது. விசாரணை வரும்போது அதில் இருப்பது உங்கள் பெயரும் உங்கள் முகமும்தான்.

கடைசியாக, பணம் கேட்டு எழுதுகிற கடிதம். நீங்கள் அனுப்பிய நினைவூட்டல்களை எடுத்துப் பாருங்கள். "சாரி சார், தொந்தரவுக்கு மன்னிக்கவும், முடிஞ்சா பாருங்க" என்றுதான் இருக்கும். நானும் வருடக்கணக்கில் அப்படித்தான் எழுதினேன். செய்த வேலைக்குக் கூலி கேட்கிறவர் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? இப்போது நான் எழுதுவது இவ்வளவுதான்: "வணக்கம். இன்ன தேதியில் ஒப்படைத்த வேலைக்கான இன்ன எண் இன்வாய்ஸ், 36,000 ரூபாய், நேற்றோடு கெடு முடிந்தது. வரும் வெள்ளிக்கிழமைக்குள் கணக்கில் செலுத்துங்கள். அதுவரை அடுத்த கட்ட வேலை நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. வேலையில் குறை ஏதும் இருந்தால் அதே வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் தெரிவியுங்கள்." கோபம் இல்லை, கெஞ்சல் இல்லை. தேதி, தொகை, அடுத்து என்ன நடக்கும் என்ற மூன்றும் இருக்கின்றன.

வெள்ளிக்கிழமை தாண்டினால் ஃபோனில் பேசுங்கள். பேசி முடித்ததும், "இன்று நீங்கள் 20ஆம் தேதி தருவதாகச் சொன்னீர்கள்" என்று வாட்ஸ்அப்பில் போடுங்கள். "ஆமா தம்பி, போட்டுடறேன்" என்று பதில் வந்தால் அது சான்று. பழைய ஃபோனை விற்கும் அவசரத்தில் அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சியச் சட்டப்படி மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் வைக்க 63ஆம் பிரிவின் சான்றிதழ் வேண்டும். அதற்கு மூலமே கையில் இருப்பது நல்லது. காசோலை கொடுத்து அது திரும்பி வந்தால் நாள் எண்ணத் தொடங்குங்கள். வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். அவருக்கு 15 நாள் அவகாசம். அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் வழக்கு. செய்த வேலைக்குக் கூலி கேட்டு உரிமையியல் வழக்குப் போட உங்களுக்கு மூன்று வருடம் இருக்கிறது. என்னுடைய 75,000க்கு அந்த மூன்று வருடம் 2016இல் முடிந்தது. அப்படி ஒரு கெடு இருப்பதே 2018இல்தான் எனக்குத் தெரியவந்தது.

இந்த அரங்கில் 60, 70 பேர் இருப்பீர்கள். யாருக்கெல்லாம் வர வேண்டிய பணம் நிற்கிறது என்று கை தூக்கச் சொன்னால் பாதிப் பேர் தூக்க மாட்டீர்கள் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. பின்னால் நான்கு மேசை போட்டிருக்கிறோம். லேப்டாப் இருக்கிறது, பிரிண்டர் இருக்கிறது. சேலத்திலிருந்து அந்தத் தங்கையும் வந்திருக்கிறார். மூன்றாவது மேசையில் உட்கார்ந்து உத்யம் பதிவு செய்து கொடுக்கிறார். எட்டரை மணி வரை அரங்கம் நம்முடையது. நிலுவையில் இருக்கும் இன்வாய்ஸை ஃபோனில் எடுத்துக்கொண்டு வாருங்கள், கடிதத்தை உட்கார்ந்து எழுதிவிடுவோம். வெளியூர் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் முதலில் வாருங்கள்.